ஓர் எழுத்துப் பிழை: குடல் புற்றுநோயை வளர்க்கும் கே-ராஸ் மரபணு

பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், ஜெராம் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த மாணவர்களுக்குச் செம்பனைப் பழத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் இரண்டு வகைச் செம்பனைப் பழங்களைக் குறுக்கே வெட்டி, அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? ஒன்றில் பருப்பைச் சுற்றித் தடித்த ஓடு இருக்கும். எண்ணெய் தரும் சதை குறைவு. அதன் பெயர் டூரா. மற்றொன்றில் ஓடு மெலிதாக இருக்கும், சதை அதிகம். அதன் பெயர் தெனெரா. ஒரே அளவு நிலத்தில் தெனெரா சுமார் 30 விழுக்காடு கூடுதல் எண்ணெய் தரும்.

நம் நாட்டில் செம்பனையை வணிகப் பயிராக முதன்முதலில் நட்டது கோல சிலாங்கூர் மாவட்டத்தில்தான். 1917ஆம் ஆண்டு, அன்று பத்தாங் பெர்ஜுந்தாய் என்று அழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயாவில், தென்னமரம் தோட்டத்தில் அது தொடங்கியது. பெயரில் தென்னை, நிலத்தில் செம்பனை. அந்தக் காலத்து மரங்கள் டூரா வகை. பிற்காலத்தில்தான் தெனெரா பரவலாக நடப்பட்டது.

இந்த இரண்டு வகைக்கும் என்ன வேறுபாடு? மலேசிய செம்பனை வாரியத்தின் விஞ்ஞானிகள் ராஜிந்தர் சிங், ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி உள்ளிட்ட குழுவினர், அமெரிக்க ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2013இல் 'நேச்சர்' ஆய்விதழில் அதற்கு விடை சொன்னார்கள். ஓட்டின் தடிமனைத் தீர்மானிப்பது ஒரே ஒரு மரபணு. அதற்கு 'ஷெல்' என்று பெயர். அந்த மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினாலே போதும், அதன் வேலை கெட்டுவிடுகிறது. தாய்வழி, தந்தைவழி என வரும் இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் மாறியிருந்தால், ஓடு மெலிந்து தெனெரா கிடைக்கிறது. இன்று மரம் காய்க்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நாற்றின் இலையில் சிறு துண்டு எடுத்துச் சோதித்தாலே அது எந்த வகை என்று சொல்லிவிடலாம்.

ஓர் எழுத்து மாறினால் பழம் மாறுகிறது. முன்கூட்டியே அந்த எழுத்தைப் படித்துவிட்டால் வீண் செலவு மிஞ்சுகிறது. இந்த இரண்டு உண்மைகளையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மனிதக் குடலில் வளரும் ஒரு நோயைப் புரிந்துகொள்ள அவை உதவும்.

குடலுக்குள் ஒரு குருத்து

நம் பெருங்குடல் சுமார் 1.5 மீட்டர் நீளமுள்ள குழாய். அதன் உட்சுவரை நுண்ணோக்கியில் பார்த்தால் இலட்சக்கணக்கான சிறு குழிகள் தெரியும். ஒவ்வொரு குழியின் அடியிலும் குருத்தணுக்கள் இருக்கின்றன. செம்பனையின் நடுக்குருத்திலிருந்து புது மட்டைகள் வந்துகொண்டே இருப்பது போல, இந்தக் குருத்தணுக்கள் பிரிந்து புதிய உயிரணுக்களை உண்டாக்குகின்றன. புதியவை மேலே நகர, பழையவை உதிர்கின்றன. நான்கைந்து நாளில் உட்சுவரின் மேற்பரப்பு புதிதாகிவிடும்.

இவ்வளவு வேகமாக வேலை நடக்கும் இடத்தில் கட்டுப்பாடும் கடுமையாக இருக்க வேண்டும். எப்போது பிரிய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று ஒவ்வோர் உயிரணுவுக்கும் கட்டளை போகிறது. அந்தக் கட்டளையைக் கடத்தும் புரதங்களில் ஒன்றுதான் கே-ராஸ். அதைத் தயாரிக்கும் குறிப்பு நமது 12ஆம் குரோமோசோமில், அதே பெயர் கொண்ட மரபணுவில் இருக்கிறது.

வாசலில் பொத்தான், உள்ளே மணி

ஒரு வீட்டின் அழைப்பு மணியை நினைத்துப் பாருங்கள். வாசலில் பொத்தான் இருக்கிறது. யாரோ அழுத்தினால் கம்பி வழியே மின்சாரம் போய் உள்ளே மணி அடிக்கிறது. விரலை எடுத்தால் மணி நிற்கிறது.

உயிரணுவின் வெளிச்சுவரில் இ.ஜி.எஃப்.ஆர். என்ற ஏற்பி இருக்கிறது. அது வாசல் பொத்தான். 'வளர்' என்ற செய்தியைச் சுமந்து வரும் புரதம் அதில் வந்து ஒட்டினால் பொத்தான் அழுந்துகிறது. செய்தி உள்ளே கே-ராஸுக்குப் போகிறது. கே-ராஸ் ஒரு சுவிட்ச். ஜி.டி.பி. என்ற பொருளைப் பிடித்திருக்கும்போது அது 'திறந்த' நிலையில் இருக்கும். செய்தி உட்கருவை அடைந்து உயிரணு பிரியும். பிறகு கே-ராஸ் தன் ஜி.டி.பி.யை உடைத்து, தானே தன்னை 'மூடிய' நிலைக்குக் கொண்டுவந்துவிடும். மணி அடித்தது, நின்றது. எல்லாம் ஒழுங்கு.

இப்போது எழுத்துப் பிழைக்கு வருவோம். நமது மரபணுத் தொகுப்பு ஏ, டி, ஜி, சி என்ற 4 எழுத்துகளால் ஆனது. மொத்தம் சுமார் 300 கோடி எழுத்துகள். கே-ராஸ் புரதம் 188 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு மாலை. அதில் 12ஆவது மணி கிளைசின். அதற்கான குறிப்பு ஜி-ஜி-டி என்ற 3 எழுத்துகள். நடுவிலுள்ள ஜி, தவறுதலாக ஏ என்று மாறினால், கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் அஸ்பார்டிக் அமிலம் வந்து உட்கார்ந்துவிடும்.

அதனால் என்ன கேடு? 20 அமினோ அமிலங்களிலும் கிளைசின்தான் மிகச் சிறியது. ஜி.டி.பி.யை உடைக்க உதவும் இன்னொரு புரதம் வந்து நுழைவதற்கு அந்த இடத்தில் இடைவெளி தேவை. பெரிய அமிலம் உட்கார்ந்துவிட்டால் இடைவெளி அடைபடும். ஜி.டி.பி. உடையாது. சுவிட்ச் மூடாது. வாசலில் யாரும் பொத்தானைத் தொடாதபோதும் உள்ளே மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

பால் என்ற சொல்லில் ஓர் எழுத்து மாறினால் பாழ். இயல்பான கே-ராஸ் நமக்குப் பால். பிழைபட்ட கே-ராஸ் பாழ். இப்படிப் பிழைபட்டு, உயிரணுவை ஓயாமல் வளரத் தூண்டும் மரபணுவை ஆன்கோஜீன், அதாவது புற்றுநோய் தூண்டும் மரபணு என்கிறோம். அது வெளியிலிருந்து வந்த பகைவன் அல்ல. நம் உடலுக்கு அன்றாடம் வேலை செய்த பணியாளே தவறாக இயங்குகிறான்.

எலியில் தொடங்கிய தேடல்

'ராஸ்' என்ற பெயரே 'எலிப் புற்று' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம். 1967இல் வெர்னர் கிர்ஸ்டன் என்ற ஆய்வாளர், எலிகளில் கட்டிகளை உண்டாக்கும் ஒரு கிருமியை விவரித்தார். அவருடைய பெயரின் முதல் எழுத்துதான் கே-ராஸில் உள்ள 'கே'. அந்தக் கிருமி கட்டியை வளர்க்கப் பயன்படுத்திய மரபணு, எலியின் உயிரணுவிலிருந்தே அது எடுத்துக்கொண்ட ஒன்று என்பது பின்னர் தெரிந்தது.

மனிதருக்கும் இது பொருந்துமா? 1982இல் அமெரிக்காவில் ராபர்ட் வைன்பர்க், மரியானோ பார்பாசிட், மைக்கேல் விக்லர் ஆகியோரின் ஆய்வுக்கூடங்கள் விடை கண்டன. மனிதச் சிறுநீர்ப்பைப் புற்றிலிருந்து எடுத்த மரபணுவை எலியின் உயிரணுக்களுக்குள் செலுத்தினால், அவையும் புற்றாக மாறின. அந்த மரபணுவை இயல்பான மரபணுவோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டபோது, வேறுபாடு ஒரே ஓர் எழுத்தில் இருந்தது. அது ராஸ் குடும்பத்தைச் சேர்ந்த மரபணு. பிழை இருந்தது அதே 12ஆவது இடம். இத்தனை பெரிய நோய்க்குப் பின்னால் இத்தனை சிறிய மாற்றமா என்று அறிவியல் உலகம் வியந்தது.

ஆனால் கே-ராஸ் மட்டும் தனியாகப் புற்றை உண்டாக்கிவிடாது. எரிக் ஃபியரன், பெர்ட் வோகல்ஸ்டைன் ஆகிய இருவரும் 1990இல் பெருங்குடல் புற்றின் படிகளை வரிசைப்படுத்திக் காட்டினார்கள். பெரும்பாலும் முதலில் ஏ.பி.சி. என்ற காவல் மரபணு பழுதாகி, குடல் சுவரில் 'பாலிப்' எனப்படும் சிறு தசை மொட்டு தோன்றும். அடுத்து கே-ராஸ் பிழைபட்டால் அந்த மொட்டு பெருக்கும். பின்னர் பி-53 போன்ற காவல் மரபணுக்களும் போனால் அது புற்றாகிச் சுவரைத் துளைக்கும். இந்தப் பயணத்துக்குப் பொதுவாக 10 ஆண்டுகள் அல்லது அதற்கும் மேல் ஆகும். இந்த 10 ஆண்டு அவகாசத்தை மறந்துவிடாதீர்கள். கட்டுரையின் கடைசியில் அது நமக்குத் தேவைப்படும்.

ஒரே மருந்து, இரு வேறு பலன்

பெருங்குடல் புற்றுக்கட்டிகளில் 100க்கு சுமார் 40இல் கே-ராஸ் பிழை காணப்படுகிறது. இந்த எண், சிகிச்சையில் ஒரு பெரிய திருப்பத்தை உண்டாக்கியது.

2004இல் செடுக்ஸிமாப் என்ற மருந்து பெருங்குடல் புற்றுக்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது இ.ஜி.எஃப்.ஆர். ஏற்பியில் போய் ஒட்டிக்கொண்டு, வளர்ச்சிச் செய்தி வந்து சேராமல் தடுக்கும். வாசல் பொத்தானுக்கு மேல் டேப் ஒட்டுவது போல. நல்ல யோசனைதான். ஆனால் சிலருக்குக் கட்டி சுருங்கியது. பலருக்கு எந்தப் பலனும் தெரியவில்லை. ஏன்?

இதற்குள் நீங்களே விடையை ஊகித்திருப்பீர்கள். உள்ளே சுவிட்சே பழுதாகி மணி அடித்துக்கொண்டிருந்தால், வாசலில் டேப் ஒட்டி என்ன பயன்?

கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2008இல் வெளியானது. நோய் முற்றிய நோயாளிகளில் 394 பேரின் கட்டிகளில் கே-ராஸ் எழுத்துகளைப் படித்துப் பார்த்தார்கள். பிழை இல்லாதவர்களில், செடுக்ஸிமாப் பெற்றவர்கள் வாழ்ந்த காலத்தின் நடுமதிப்பு 9.5 மாதம், பெறாதவர்களுக்கு 4.8 மாதம். ஏறக்குறைய இரு மடங்கு. பிழை உள்ளவர்களில், மருந்து பெற்றவர்களுக்கு 4.5 மாதம், பெறாதவர்களுக்கு 4.6 மாதம். அதாவது மருந்தினால் ஒரு நாளும் கூடவில்லை.

இந்த எண்களுக்குப் பின்னால் இருப்பவர்கள் மனிதர்கள். பலன் தராத மருந்துக்காக ஒருவர் மருத்துவமனைக்கு அலைகிறார். முகத்திலும் மார்பிலும் பருக்கள் போலக் கொப்புளங்கள் வருகின்றன. குடும்பத்தின் பணம் கரைகிறது. மிஞ்சியிருக்கும் காலமும் போகிறது. அதனால்தான் 2009 முதல், இந்த வகை மருந்தைத் தொடங்கும் முன் கட்டியின் ராஸ் மரபணுக்களைச் சோதிப்பது வழக்கமாயிற்று. அறுவை சிகிச்சையிலோ, சோதனைக்காகவோ எடுத்த சிறு துண்டுக் கட்டியே அதற்குப் போதும். நாற்றின் இலையைச் சோதித்துவிட்டு நடுவது போல, கட்டியின் எழுத்தைப் படித்துவிட்டு மருந்து கொடுப்பது.

கே-ராஸ் பிழை இருந்தால் சிகிச்சையே இல்லை என்று பொருள் கொள்ள வேண்டாம். அறுவை சிகிச்சையும், வழக்கமான கீமோ மருந்துகளும் அவர்களுக்கும் உண்டு. இந்த ஒரு வகை மருந்துதான் அவர்களுக்குப் பயன்படாது.

இன்னொன்றும் தெரியவந்தது. பிழை இல்லாத கட்டியிலும், மருந்து சில மாதம் வேலை செய்தபின் நின்றுபோவது உண்டு. தோட்டத்தில் களைக்கொல்லி அடித்த இடத்தில் நூறு புல் கருகினாலும், தாக்குப்பிடித்த ஒன்றிரண்டு புல் பின்னர் இடம் முழுவதும் பரவிவிடும் அல்லவா? அதுபோல, கட்டியின் கோடிக்கணக்கான உயிரணுக்களில் கே-ராஸ் பிழையுள்ள சில மட்டும் தப்பிப் பெருகுகின்றன. 2012இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இதை நோயாளிகளிடமே கண்டறிந்தன.

வழுவழுப்பான பந்தில் ஒரு பள்ளம்

பழுதான சுவிட்சையே நேரடியாக அடைக்க முடியாதா? 30 ஆண்டுகளுக்கு மேல் முயன்றும் முடியவில்லை. கே-ராஸ் வழுவழுப்பான பந்து போன்றது. மருந்து பிடித்துக்கொள்ள ஒரு பள்ளம்கூடத் தென்படவில்லை. 'மருந்துக்கு அடங்காதது' என்றே அதற்குப் பட்டம் கிடைத்தது.

2013இல் கலிபோர்னியாவில் கெவன் ஷோகட் குழுவினர் ஒரு பள்ளத்தைக் கண்டுபிடித்தார்கள். 12ஆவது இடத்தில் கிளைசினுக்குப் பதில் சிஸ்டீன் வந்துவிட்ட கே-ராஸில் அது அகப்பட்டது. சிஸ்டீனில் கந்தக அணு உண்டு. அதைக் கொக்கி போலப் பயன்படுத்தி மருந்தை மாட்டிவிடலாம். அந்த வழியில் வந்த சோட்டோராசிப் என்ற மருந்து 2021இல் நுரையீரல் புற்றுக்கு அனுமதி பெற்றது.

பெருங்குடலில் அதைக் கொடுத்தபோது ஏமாற்றம் காத்திருந்தது. நுரையீரல் நோயாளிகளில் 100க்கு சுமார் 37 பேருக்குக் கட்டி சுருங்கியது. பெருங்குடல் நோயாளிகளில் 100க்கு சுமார் 10 பேருக்குத்தான். அதே பிழை, அதே மருந்து. இடம் மட்டும்தான் வேறு.

காரணம் வாசல் பொத்தானில் இருந்தது. குடல் உயிரணுவில் கே-ராஸை அடைத்தவுடன், இ.ஜி.எஃப்.ஆர். ஏற்பி முன்னைவிட வேகமாக வேலை செய்யத் தொடங்குகிறது. உள்ளே மணி நின்றுவிட்டதே என்று வாசலில் இருப்பவர் பொத்தானை மாறி மாறி அழுத்துவது போல. அப்படியானால் சுவிட்சையும் அடைத்து, பொத்தானுக்கும் டேப் ஒட்டினால்? சோட்டோராசிப் மருந்தோடு, செடுக்ஸிமாபின் உறவினரான பானிட்டுமுமாப் சேர்த்துக் கொடுத்தபோது 100க்கு சுமார் 26 பேருக்குக் கட்டி சுருங்கியது. 2025 ஜனவரியில் அமெரிக்கா இந்தக் கூட்டு மருந்தை, ஏற்கெனவே கீமோ சிகிச்சை பெற்ற பெருங்குடல் நோயாளிகளுக்கு அனுமதித்தது. தனியாகப் பயன்படாத மருந்து, துணையோடு வந்தபோது பயன்பட்டது.

இதை முழு வெற்றி என்று சொல்ல முடியாது. சிஸ்டீன் வகைப் பிழை, பெருங்குடல் கட்டிகளில் 100க்கு மூன்று நான்கில்தான் உண்டு. மற்ற வகைப் பிழைகளுக்கான மருந்துகள் இன்னும் சோதனையில் உள்ளன. அந்த வேலையை முடிக்கப்போகும் விஞ்ஞானிகள் இப்போது ஏதோ ஒரு பள்ளியில் படிவம் 4 உயிரியல் பாடத்தில் உயிரணுப் பிரிவைப் படித்துக்கொண்டிருக்கலாம்.

இது பரம்பரையாக வருமா?

தாத்தாவின் கட்டியில் கே-ராஸ் பிழை என்று கேள்விப்பட்டால், 'எனக்கும் இருக்குமா?' என்ற பயம் எழுவது இயல்பு. இந்தப் பிழை அவர் பிறந்தபோது இருந்ததல்ல. வாழ்நாளில், குடலின் ஓர் உயிரணு தன் 300 கோடி எழுத்துகளை நகலெடுக்கும்போது நேர்ந்தது. அது கட்டிக்குள் மட்டுமே இருக்கும். விந்தணுவிலோ கருமுட்டையிலோ இல்லாததால் பிள்ளைகளுக்குப் போகாது.

பரம்பரையாக வரும் குடல் புற்று வகைகளும் உண்டு. அவை வேறு மரபணுக்களைச் சார்ந்தவை, எண்ணிக்கையில் குறைவு. பெற்றோர் அல்லது உடன்பிறந்தவர்களில் யாருக்காவது பெருங்குடல் புற்று இருந்தால், மற்றவர்கள் 50 வயதுவரை காத்திராமல் மருத்துவரிடம் ஆலோசனை கேட்பது நல்லது.

'மூலம்தானே' என்று விட்டுவிட வேண்டாம்

தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012–2016 அறிக்கைப்படி, மலேசிய ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்பட்ட புற்று பெருங்குடல் புற்றுதான். பெண்களிடம் அது இரண்டாவது இடத்தில் இருந்தது. நோயாளிகளில் 10 பேரில் 7 பேருக்கு மேல் 3ஆம் அல்லது 4ஆம் கட்டத்தில்தான் கண்டறியப்பட்டார்கள். தாமதத்தின் விலை பெரிது. அமெரிக்கப் புள்ளிவிவரப்படி, கட்டி குடலுக்குள் அடங்கியிருக்கும்போதே கண்டறிந்தால் 10 பேரில் 9 பேர் 5 ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருக்கிறார்கள். உடலின் மற்ற உறுப்புகளுக்குப் பரவியபின் அந்த எண்ணிக்கை 10க்கு ஒன்று அல்லது இரண்டாகக் குறைகிறது.

நம் வீடுகளில் மலத்தில் இரத்தம் வந்தால் 'மூலம்', 'உடம்புச் சூடு' என்று சொல்லி, இளநீர் குடித்து, வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிட்டுவிட்டு இருந்துவிடுவது வழக்கம். பல நேரம் அது மூலமாகவே இருக்கலாம். ஆனால் கண்ணால் பார்த்து மூலமா, புற்றா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மலத்தில் இரத்தம், பல வாரம் நீடிக்கும் மலச்சிக்கல் அல்லது வயிற்றுப்போக்கு, காரணம் தெரியாத எடைக் குறைவு, இரத்தச்சோகையால் வரும் களைப்பு ஆகியவை இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கும் ஒரு சோதனை உண்டு. 50 வயதைத் தாண்டியவர்கள் அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் மல இரத்தச் சோதனையைக் கேட்டுப் பெறலாம். சிறு குச்சியால் மலத்தைத் தொட்டு, கொடுத்த குழாயில் போட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதும். கண்ணுக்குத் தெரியாத அளவு மனித இரத்தத்தையும் அது காட்டிவிடும். இரத்தம் இருப்பதாக முடிவு வந்தால் புற்று என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கேமரா பொருத்திய குழாயால் குடலைப் பார்க்கும் கோலனோஸ்கோப்பி சோதனைக்கு அனுப்புவார்கள். பாலிப் தெரிந்தால், பெரும்பாலும் அப்போதே அகற்றிவிடலாம். மொட்டு புற்றாக மாற 10 ஆண்டு ஆகும் என்று முன்பு பார்த்தோமே, அந்த அவகாசம் நமக்குச் சாதகமாகும் இடம் இதுதான். கே-ராஸ் பிழைபட்ட மொட்டாக இருந்தாலும், வெட்டி எடுத்துவிட்டால் அதன் கதை அங்கேயே முடிந்துவிடும்.

பெரியவர்கள் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடுவதற்கு முதல் காரணம் கூச்சம். மலத்தைப் பற்றிப் பேசுவதே பலருக்கு அவமானமாகத் தோன்றுகிறது. கிளினிக்கில் கொடுக்கும் தாள் மலாய்மொழியில் இருப்பதும் இன்னொரு தடை. தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த பாட்டிக்கு அந்தத் தாளைப் படித்துச் சொல்லி, குச்சியை எப்படிப் பிடிப்பது, குழாயை எப்படி மூடுவது என்று விளக்கக்கூடியவர் வீட்டில் நீங்கள்தான்.

உங்கள் வயதில் செய்யக்கூடியதும் உண்டு. கீரை, பருப்பு, பழம், தீட்டாத தானியம் ஆகியவற்றின் நார்ச்சத்து குடலுக்கு நல்லது. சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சியை, புற்றை உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் சேர்த்தது. மதுவும் புகையிலையும் அதே பட்டியலில் உள்ளன. உடற்பயிற்சி ஆபத்தைக் குறைக்கிறது. இவை எழுத்துப் பிழையை அடியோடு ஒழித்துவிடா. ஆனால் அது நேரும் வாய்ப்பைக் குறைக்கும்.

சிந்தனைக்கு

1. செடுக்ஸிமாப், கே-ராஸ் பிழையுள்ள கட்டியில் ஏன் வேலை செய்வதில்லை? அழைப்பு மணி படம் ஒன்று வரைந்து விளக்குங்கள்.

2. செம்பனையின் ஷெல் மரபணு மாற்றம் அடுத்த தலைமுறை மரத்துக்குப் போகிறது. கட்டியில் உள்ள கே-ராஸ் மாற்றம் பிள்ளைகளுக்குப் போவதில்லை. ஏன்?

3. உங்கள் வீட்டில் 50 வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர்? அவர்களில் யார் யார் மல இரத்தச் சோதனை செய்திருக்கிறார்கள்? இந்தக் கேள்விக்கான விடை பாடநூலில் இல்லை. இன்று இரவு வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.